லேபர் லா கன்சல்டன்ட் வச்சுக்கறது வொர்த்தா? மூணு வருஷ அனுபவம்

அம்பத்தூர் எஸ்டேட்ல அட்டைப்பெட்டி யூனிட் நடத்துறேன், அறுபது சொச்சம் பேர் வேலை பாக்கறாங்க. மாசாமாசம் ஃபீஸ் குடுத்து ஒரு லேபர் லா கன்சல்டன்ட் வச்சு மூணு வருஷம் தாண்டிருச்சு. தொழில் பண்ற நிறைய பேர் கேக்கறதால எழுதறேன், அவர் பேரு மட்டும் கேக்காதீங்க.

முதல்ல ஒண்ணு, பிஎஃப் ஈஎஸ்ஐ சலான் போடறதுக்காக மட்டும் ஆள் வைக்காதீங்க. அத நம்ம அக்கவுண்ட்ஸ் பொண்ணே பண்ணிடும். பிஎஃப்ல ரெண்டு பக்கமும் 12 பர்சன்ட், ஈஎஸ்ஐன்னா 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு அவங்க 0.75 நம்ம 3.25, அடுத்த மாசம் 15ம் தேதிக்குள்ள கட்டணும், அவ்ளோதான்.

குடுத்த காசுக்கு பலன் கிடைச்சது வேற இடத்துல. டை கட்டிங் ஆபரேட்டர் ஒருத்தர் பொங்கலுக்கு ஊருக்குப் போனவரு மாசி பொறந்தும் வரல, ஃபோனும் எடுக்கல. பேர அடிச்சிடலாம் சார்ங்கறாரு சூப்பர்வைசர். கன்சல்டன்ட்டுக்கு ஃபோன் போட்டா, "சார் மஸ்டர் ரோல்ல (ஆளுங்க வருகைப் பதிவேடு) கை வைக்காதீங்க"ன்னார். ஊர் அட்ரஸுக்கு அக்னாலட்ஜ்மென்ட் கார்டோட லெட்டர், பதில் இல்லன்னா என்ன தப்புன்னு எழுதி விளக்கம் கேக்கற சார்ஜ் மெமோ, அப்புறம் வெளியாள் வச்சு என்கொயரி, அதுக்கும் வரலன்னாதான் மேற்கொண்டு பேச்சேன்னார். ரெண்டாவது லெட்டர் போன வாரமே ஆளு வந்து நிக்கறாரு, அப்பாவுக்கு ஆபரேஷனாம், கையில டிஸ்சார்ஜ் சம்மரி. விசாரிக்காம நிறுத்தியிருந்தா லேபர் கோர்ட்டுக்குப் போயி பேக் வேஜஸோட (நின்ன நாளைக்கான சம்பளம்) வேலை கேட்டிருப்பாரு, கேட்டாலும் தப்பில்ல.

அடுத்தது தமிழ்நாட்டுக்குன்னே இருக்கற 1981 பர்மனென்சி சட்டம். 24 மாசத்துக்குள்ள 480 நாள் தொடர்ந்து வேலை பாத்துட்டா ஆளு நிரந்தரம். நடுவுல பத்து நாள் நிப்பாட்டி புதுசா எடுத்த மாதிரி காட்டற வேலையெல்லாம் கோர்ட்ல நிக்காது சார்னு மூஞ்சிக்கு நேரா சொன்னார், கேஷுவல் லிஸ்ட்ட (நிரந்தரம் ஆகாத ஆளுங்க லிஸ்ட்) எடுத்து உக்காந்து ஒவ்வொரு பேரா சரி பண்ணோம். வேலைய விட்டுப் போறப்போ குடுக்கற கிராஜுவிட்டியும் அப்படித்தான், அஞ்சு வருஷம் முடியலன்னு சொல்லி அனுப்பிட முடியாது, நாலு வருஷமும் அஞ்சாவது வருஷத்துல 240 நாளும் ஆகியிருந்தா போதும்னு நம்ம சென்னை ஹைகோர்ட்டே சொல்லியிருக்கு. கடைசி பேசிக் டிஏவ 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி எத்தனை வருஷமோ அத்தனை மடங்கு, எக்ஸெல்ல போட்டு வச்சிருக்கோம்.

2025 நவம்பர் 21ல நாலு லேபர் கோடும் (பழைய தொழிலாளர் சட்டங்களுக்கு பதிலா வந்த மத்திய சட்டங்கள்) வந்தப்போ வாட்ஸ்அப் க்ரூப்புல ஒரே கூச்சல். இவர் நேர்ல வந்து சம்பள ஷீட்ட பாத்துட்டு, அலவன்ஸ் பாதிக்கு மேல போனா மிச்சம் வேஜஸ்ல சேந்துடும், உங்க கிராஜுவிட்டி செலவுதான் ஏறும்னு காட்டினார். எல்லாருக்கும் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கட்டாயம்னும் சொன்னார்.

குறை இல்லாம இல்ல. ரிமைண்டர் 14ம் தேதி ராத்திரிதான் வரும். இன்ஸ்பெக்ஷன்னா ஜூனியர் பையன அனுப்புவார், அவன் பாவம் நம்ம மூஞ்சியவே பாத்துட்டு நிப்பான். லெட்டர் எல்லாம் கோர்ட் இங்கிலீஷ்ல, வாங்கறவருக்கு என்ன புரியும்?

இந்த வருஷமும் ரினியூ பண்ணிட்டேன், இனிமே மெமோ ஆர்டர் எல்லாம் தமிழ்லயும் குடுக்கணும், பீகார் பசங்களுக்கு ஹிந்தியிலயும் குடுக்கணும்னு கண்டிஷன் போட்டு. தமிழ் வந்துடுச்சு, ஹிந்தி இன்னும் கேட்டுட்டேதான் இருக்கேன்.