ராபின் ஹூட்: அசலா, நக்கலா?

லீவுக்கு வந்திருந்த அக்கா மகனுக்கு ஒரு ராபின் ஹூட் படம் போட வேண்டியிருந்தது. கையில் இருந்தவை இரண்டு. 1991-இல் கெவின் காஸ்ட்னர் நடித்த 'பிரின்ஸ் ஆஃப் தீவ்ஸ்'. அதைக் கிண்டலடித்து மெல் புரூக்ஸ் 1993-இல் எடுத்த 'மென் இன் டைட்ஸ்'. நான் போட்டது இரண்டாவதை. மறுபடி கேட்டாலும் அதைத்தான் போடுவேன், ஒரு நிபந்தனையோடு.

பிரம்மாண்டம், சண்டை எல்லாம் காஸ்ட்னர் பக்கம்தான். வில்லன் ஷெரீஃபாக வரும் ஆலன் ரிக்மன், பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதே வாங்கினார். ஆனால் படம் 143 நிமிடம், நக்கல் படமோ 104. அதோடு, காஸ்ட்னர் படம் தன்னையறியாமலே நம்மைச் சிரிக்க வைக்கும் இடங்களும் உண்டு. இங்கிலாந்தின் தென்கரையில், வெள்ளைப் பாறைகளுக்குக் கீழே கரையேறும் ராபின், இருட்டுவதற்குள் வீட்டில் இருப்போம் என்பார். அடுத்து அவர் நிற்பது வடகோடியில், ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரோரம் இருந்த பிரபலமான ஒற்றை மரத்தடியில். அவர் போக வேண்டிய நாட்டிங்ஹாம் எப்போதோ பின்னால் போய்விட்டது! (அந்த மரத்தை 2023-இல் இரண்டு பேர் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அதற்காகவே அந்தக் காட்சியை இன்னொரு தடவை பார்க்கலாம்.)

சரி, என்னைக் குழப்பிய கேள்வி ஒன்றுதான். அசலைப் பார்க்காதவனுக்கு நக்கல் எடுபடுமா?

பாதி எடுபட்டது. இளவரசர் ஜானின் முகத்து மச்சம் காட்சிக்குக் காட்சி இடம் மாறும். நான் வாயே திறக்கவில்லை. மூன்றாவது தடவையோ என்னவோ, பையன் துள்ளி எழுந்து, "மாமா, மச்சம் இந்தப் பக்கம் வந்துடுச்சு!" என்று கத்தினான். ரீவைண்ட் செய்து சரிபார்த்த பிறகுதான் விட்டான். ஒரே எட்டில் தாண்டக்கூடிய ஓடைக்குப் பாலம் போட்டு ராபினும் லிட்டில் ஜானும் கம்புச் சண்டை போடுவார்கள். அடிக்க அடிக்கக் கம்பு ஒடிந்து சாணளவாகும். கடைசியில் ஆஜானுபாகுவான லிட்டில் ஜான், கணுக்கால் தண்ணீரில் விழுந்து மூழ்குகிறேன் என்று அலறுவார். இதற்கெல்லாம் முன்கதை வேண்டாம்.

இன்னொரு பாதி அப்படியில்லை. மற்ற ராபின் ஹூட்கள் போலன்றித் தனக்கு ஆங்கிலேய உச்சரிப்பு வரும் என்று, நக்கல் படத்தின் ராபினான கேரி எல்விஸ் சொல்லும்போது நான் வெடித்துச் சிரித்தேன், அவன் என் முகத்தைப் பார்த்தான். அது காஸ்ட்னரின் அமெரிக்க உச்சரிப்புக்கு விழுந்த குத்து. அதேபோல் மன்னர் ரிச்சர்டாக பேட்ரிக் ஸ்டூவர்ட் ஸ்காட்லாந்து வாடையோடு பேசுவது ஏன் என்பது, 1991 படத்தின் கடைசியில் ஸ்காட்லாந்துக்காரரான ஷான் கானரி அதே மன்னராக வந்துபோனதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் நிபந்தனை: நக்கலுக்கு முன் ஒரு பழைய ராபின் ஹூட் படத்தைப் பார்த்துவிட வேண்டும். ஆனால் முதலில் பார்க்க நான் சொல்வது காஸ்ட்னர் படத்தை அல்ல, எரால் ஃபிளின் நடித்த 1938 படத்தை. பச்சை டைட்ஸ் அங்கிருந்து வந்ததுதான். விருந்து மண்டபத்துக்குள் ஃபிளின் மானைத் தோளில் சுமந்து வந்து மேஜையில் போடுவார். புரூக்ஸ் படத்தில் அது காட்டுப்பன்றி. 1938 படம் 102 நிமிடம்தான். இதையும் நக்கல் படத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் காஸ்ட்னர் படத்தைவிட ஒரு மணி நேரம்தான் கூட. அந்தக் காலத்து டெக்னிகலர் வண்ணப்படம் பெரிய திரையில் எப்படியிருக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள், நான் பார்த்தது லேப்டாப்பில்.

அப்புறம், சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒன்று. நக்கல் படத்தில், ராபினின் காதலி மேரியன் இடுப்பில் பூட்டுப் போட்ட இரும்புக் கச்சை ஒன்று வரும். "அது எதுக்கு மாமா?" என்று இவன் கேட்டான். தண்ணீர் குடிக்க எழுந்து போனவன், அந்தக் காட்சி முடிந்த பிறகுதான் திரும்பி வந்தேன்.