640 டாலருக்கு நான் வாங்கியது விதையல்ல, குளவி: மர விதை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சிறியதொரு நாற்றுப்பண்ணை நடத்துகிறேன். டக்ளஸ் ஃபிர் என்னும் ஊசியிலை மரத்தின் நாற்று வளர்ப்பதற்காக, இணையத்தில் மர விதை விற்கும் கடை ஒன்றில் கடந்த ஜனவரியில் ஒரு கிலோ விதை வாங்கினேன். விலை 640 டாலர்.

வாங்குமுன் தொலைபேசியில் பேசியவர் என் கேள்வி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னதோடு, குறுக்கே வெட்டிய நான்கு விதைகளின் படத்தையும் அனுப்பினார். நான்கின் உள்ளும் வெள்ளையாக, நிறைவாக இருந்தது. அந்த வெள்ளையை நம்பித்தான் பணம் கட்டினேன்.

ஒரு நாள் ஊறவைத்து, நான்கு வாரம் குளிர்பெட்டியில் வைத்து விதைத்தேன். பாதிக்கு மேல் முளைக்கவேயில்லை. சமையலறை ஜன்னலோரம் கண்ணாடிச் சாடியில் மூடி வைத்திருந்த மிச்ச விதையில், ஏப்ரல் இறுதியில் மூன்று மில்லிமீட்டர் நீள மஞ்சள் குளவிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பல விதைகளில் ஊசியால் குத்தியது போன்ற வட்டத் துளை. துளையில்லாத ஒன்றைப் பிளேடால் பிளந்தேன். உள்ளே நிறைந்திருந்த வெள்ளை நெளிந்தது.

அது மெகாஸ்டிக்மஸ் ஸ்பெர்மோட்ரோபஸ் என்னும் விதைக் குளவியின் புழு. மரத்தில் விதை விளையும் கூம்பு பச்சையாக இருக்கும்போதே பெண் குளவி தன் நீண்ட குழலைச் செதிலினூடே செலுத்தி விதைக்குள் முட்டையிட்டுவிடும். புழு பருப்பு முழுவதையும் தின்று தீர்த்தாலும் மேல்தோலில் ஒரு கீறல்கூடத் தெரியாது.

கடைக்கு எழுதினேன். முதல் பதில், நான் ஊறவைத்த முறை தவறாம். இரண்டாவது, குளவி என் வீட்டில்தான் புகுந்திருக்குமாம். உலர்ந்த விதையில் இக்குளவி முட்டையிடாது என்பது விதை விற்பவருக்குத் தெரியாதா? மூன்றாவது, திருப்பிக் கொடுக்கும் 30 நாள் கெடு முடிந்துவிட்டதாம். குளிரில் வைக்கவே நான்கு வாரம் பிடிக்கும் விதைக்கு 30 நாள் கெடு! அதன்பின் தொலைபேசியை எடுப்பதேயில்லை. 640 டாலரும் போனதுதான்.

விரிவான அறிவுரை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. விதைக்குள் புழு இருக்கிறதா என்று காட்டும் எக்ஸ்-கதிர்ப் படம் கேளுங்கள். இல்லையென்றால் முதலில் மாதிரி வாங்கி, நூறு விதையையாவது நீங்களே வெட்டி, வெள்ளையை ஊசியால் தொட்டுப் பாருங்கள். மிச்சத்தைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள்; சில புழுக்கள் மேலும் ஓராண்டுகூட விதைக்குள்ளேயே உறங்கிக் கிடக்கும், ஐரோப்பாவுக்கு இக்குளவி போனதும் விதை வணிகத்தோடுதான். அந்த ஒரு விதையை எடுத்துப் பிளந்த பிறகு என் சாடியை இன்னும் திறக்கவில்லை.