எபோனைட் மைப்பேனா: ஆறு வாரம் எழுதிப் பார்த்த பிறகு

"1,150 ரூபாய்க்குப் பேனாதான் வரும், கதை வராது" என்றாள் மருமகள். பாதி சரி.

11 மாதங்களாக எனக்கு ஒரு பத்திகூட ஓடவில்லை. கணினியில் ஒரு வரி தட்டுவேன், அழிப்பேன், மறுபடி தட்டுவேன். சாயங்காலம் பார்த்தால் திரை கழுவிக் கவிழ்த்த தட்டுபோல இருக்கும். அந்த எரிச்சலில்தான் கையால் கடைந்த இந்தக் கறுப்புப் பேனாவை வாங்கினேன்.

எபோனைட் என்பது ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கியது. உலோகப் பேனாபோலச் சில்லென்று இருக்காது. எடுத்த சற்று நேரத்தில் கையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். புதிதில் லேசாகக் கந்தக வாடை, தீபாவளிக்கு மறுநாள் தெருவில் இருப்பதுபோல. எனக்குப் பிடித்திருக்கிறது. வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், கறுப்பு பழுப்பாகிவிடும்.

கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் நேரே உடலுக்குள் மை ஊற்ற வேண்டும். எனக்கு ஒருமுறை நிரப்பினால் 9 நாள் வருகிறது. குறையும் இங்கேதான். மை அடியில் இறங்கிவிட்டால், கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, நிப் வழியாகப் பொத்தென்று ஒரு சொட்டைத் தள்ளும். இரண்டு புடவைகள் போயின. பாதி தீர்ந்ததுமே நிரப்பிவிடுங்கள். மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் விரலில் கசியாது. முதலில் வந்த நிப் தாளைக் கீறியது. "எழுத எழுதச் சரியாகிவிடும்" என்றார் கடைக்காரர். ஆகவில்லை. இரண்டாம் முறை போய் நின்ற பிறகே மாற்றிக் கொடுத்தார்.

நான் அஞ்சலகக் கவுன்ட்டரில் 31 ஆண்டுகள் உட்கார்ந்தவள். பேனாவை நூலில் கட்டிவைத்திருந்த கவுன்ட்டர். புது நிப்பைச் சோதிக்க நல்ல தாளை வீணாக்க மனம் வராமல், அலமாரியில் கிடந்த பழைய மணியார்டர் படிவங்களை எடுத்தேன். (அவை எப்படி வீட்டுக்கு வந்தன என்று கேட்காதீர்கள்.) அடியில் செய்தி எழுத ஒரு துண்டு இருக்குமே, நாலு வரிக்குமேல் கொள்ளாது. யாரோ யாருக்கோ அனுப்புவதாக, "ஆடு விற்ற பணம். அப்பாவிடம் சொல்ல வேண்டாம்" என்று எழுதினேன். நன்றாக இல்லைதான். ஆனால் மையில் எழுதியதை அழிக்க முடியாது, திருத்தி எழுத இடமும் இல்லை. அடுத்த படிவத்தை எடுத்தேன். அதில் அதே பணம் 40 ரூபாய் குறைந்து திரும்பி வந்தது, "அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது" என்ற செய்தியோடு. அந்த 40 ரூபாய் எங்கே போனது என்று எனக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது. மை தீர்ந்து ஃபில்லரைத் தேடியபோது 14 படிவங்கள் நிறைந்திருந்தன, இரவு சாப்பாடு ஆறியிருந்தது.

பேனாவுக்கு 5க்கு மூன்றரை. புடவைகளுக்காக ஒன்று, முதல் நிப்புக்காக அரை குறைத்திருக்கிறேன். மருமகள் அந்த மதிப்பெண்ணைப் படிவங்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்கிறாள். இருக்கலாம். கதை பாதியில் நிற்கிறது, படிவங்கள் 6தான் மிச்சம்.