போர் நியூஸ கண்காணிக்கிற அமைப்புங்களோட மெயில்: வாங்கிப் படிச்சு பாத்ததுல என் அனுபவம்

நான் காட்பாடில வீட்டுல இருந்தே ஒரு செய்தி சேனலுக்கு நைட் ஷிஃப்ட்ல மொழிபெயர்ப்பு பண்றேன். வெளிநாட்டு ஏஜென்சி காப்பி வரும், அத தமிழ்ல மாத்தி கீழ ஓடுற ஸ்க்ரோலுக்கு அனுப்பணும், ரெண்டு நிமிஷத்துக்கு மேல டைம் கிடையாது. 2023 அக்டோபர் 17 ராத்திரி காசால அல் அஹ்லி ஆஸ்பத்திரில வெடிச்சிருச்சுன்னு ஃபிளாஷ் வந்துச்சு. நான் அடிச்ச லைன் இன்னைக்கும் ஞாபகம் இருக்குது, "இஸ்ரேல் தாக்குதல்: மருத்துவமனையில் 500 பேர் பலி". காப்பில "காசா சுகாதாரத்துறை கூறுகிறது"ன்னு தெளிவா இருந்துச்சு, இடம் பத்தலன்னு நான்தான் அத எடுத்துட்டேன். விடியறதுக்குள்ள இஸ்ரேல் ராணுவம் அது எங்க குண்டு இல்ல, காசால இருக்கிற இஸ்லாமிக் ஜிகாத்ங்கிற ஆயுதக் குழு விட்ட ராக்கெட் தவறி விழுந்ததுன்னு சொல்லிருச்சு, அப்புறம் காசா சுகாதாரத்துறை 471ன்னு சொன்னாங்க, அமெரிக்க உளவுத்துறை 100ல இருந்து 300க்குள்ள இருக்கலாம்னு சொன்னாங்க. நியூயார்க் டைம்ஸ் அக்டோபர் 23ம் தேதி எடிட்டர் குறிப்பு போட்டு, ஆரம்பத்துல ஹமாஸ் (காசாவ ஆண்ட இயக்கம், சுகாதாரத்துறையும் அவங்க கைலதான்) சொன்னத ரொம்ப நம்பி எழுதிட்டோம்னு ஒத்துகினாங்க. எங்க சேனல்ல ஒரு வரி கூட வரல. நான் கேட்டதுக்கு ஷிஃப்ட் இன்சார்ஜ் "அது பழைய நியூஸ்பா, விடு"ன்னுட்டாரு.

எனக்கு விட முடியல. அந்த வாரமே, மீடியால வர்ற போர் நியூஸ்ல தப்ப கண்காணிச்சு சொல்ற அமைப்புங்களோட மெயிலுக்கும் பேர் குடுத்துட்டேன், எல்லாம் ஃப்ரீதான். செய்தி டெஸ்க்ல வேலை பாக்கிற பசங்க, ஜர்னலிசம் படிக்கிற பசங்க நிறைய பேர் எது வாங்கலாம்னு கேக்கறாங்க, அதனாலதான் இத எழுதறேன்.

முதல்ல ஹானஸ்ட் ரிப்போர்ட்டிங். இஸ்ரேல் பக்கம் நிக்கிற அமைப்பு, 2000ல ஆரம்பிச்சது, அது ஆரம்பிச்ச கதைய தெரிஞ்சிக்கணும். 2000 செப்டம்பர் 30ம் தேதி நியூயார்க் டைம்ஸ்ல ஏபி செய்தி ஏஜென்சியோட போட்டோ ஒண்ணு வந்துச்சு, தலையெல்லாம் ரத்தமா ஒரு பையன், பின்னாடி தடிய வெச்சுகினு கத்தற இஸ்ரேல் போலீஸ்காரர். கீழ இஸ்ரேல் போலீஸ்காரரும் பாலஸ்தீனியரும், இடம் டெம்பிள் மவுண்ட்னு (ஜெருசலேம்ல அல் அக்ஸா மசூதி இருக்கிற புனித இடம்) போட்டிருந்தாங்க. நெஜத்துல அந்தப் பையன் சிகாகோல இருந்து படிக்க வந்த யூத மாணவன், அவன அடிச்சது பாலஸ்தீன கும்பல், போலீஸ்காரர் அவன காப்பாத்த நிக்கிறாரு. நான் அந்தப் போட்டோவ பெருசாக்கிப் பாத்தேன், பின்னாடி பெட்ரோல் பங்க் போர்டு ஹீப்ரூ எழுத்துல நல்லா தெரியுது. டெம்பிள் மவுண்ட் மேல ஏது பெட்ரோல் பங்க்? டெஸ்க்ல இருந்த ஒருத்தர் அரை நிமிஷம் பாத்திருந்தா போதும். பையனோட அப்பா லெட்டர் எழுதி, அதுக்கப்புறம்தான் திருத்தம் வந்துச்சு. இந்த அளவுக்கு உருப்படியான காரணத்தோட பொறந்த அமைப்பு, அத நான் மனசார சொல்றேன்.

ஆனா 2023 நவம்பர்ல இவங்களே என்ன பண்ணாங்கன்னும் சொல்லணும். ஹமாஸ் இஸ்ரேலுக்குள்ள புகுந்து பண்ண அக்டோபர் 7 தாக்குதல் அன்னைக்கு எல்லைல படம் எடுத்த காசா ஃப்ரீலான்ஸ் போட்டோகிராஃபருங்களுக்கு முன்கூட்டியே தெரியுமான்னு "கேள்வி" எழுப்பினாங்க. ராய்ட்டர்ஸ், ஏபி, சிஎன்என், நியூயார்க் டைம்ஸ் எல்லாம் எங்களுக்கு முன்னாடியே எதுவும் தெரியாதுன்னு மறுத்தாங்க, அப்புறம் அமைப்போட தலைவரே எங்ககிட்ட ஆதாரம் இல்ல, கேள்விதான் கேட்டோம்னு சொன்னாரு. அதுக்குள்ள இஸ்ரேல் அரசியல்வாதிங்க அந்த போட்டோகிராஃபருங்கள பயங்கரவாதி லிஸ்ட்ல சேத்தே பேச ஆரம்பிச்சுட்டாங்க. குண்டு விழுற ஊர்ல கேமராவோட நிக்கிற மனுஷன் மேல ஆதாரம் இல்லாம கேள்விக்குறி போடறது எவ்ளோ பெரிய விஷயம்னு அவங்களுக்கு தெரியாம இல்ல. அஞ்சுக்கு ரெண்டு மார்க்.

அடுத்தது கேமரா (CAMERA)ங்கிற அமைப்பு, இன்னும் பழசு, 1982ல லெபனான் போர் சமயத்துல வாஷிங்டன் போஸ்ட் எழுதினது சரியில்லன்னு ஆரம்பிச்சது, இவங்களும் இஸ்ரேல் பக்கம்தான். வேலைன்னு பாத்தா இவங்க நேர்த்தி. எந்த பேப்பர்ல எந்த வரி தப்பு, என்ன எழுதி அனுப்பினோம், என்ன திருத்தம் வந்துச்சுன்னு வரிசையா வெச்சிருப்பாங்க, ஊர் பேர், தேதி, எண்ணிக்கை மாதிரி விஷயத்துக்கு நான் இத நம்பி பாப்பேன். வார்த்தைக்கு வந்தா நம்ப மாட்டேன். "போராளி"ன்னு போட்டா ஏன் "பயங்கரவாதி"ன்னு போடலன்னு சண்டை, அது திருத்தம் இல்ல, அவங்க பார்வைய நம்ம வாயில திணிக்கிறது. 2008ல விக்கிபீடியால அவங்க கருத்துக்கு ஏத்த மாதிரி கட்டுரைங்கள மாத்த தன்னார்வலருங்கள சத்தமில்லாம சேத்தது வெளிய வந்து, அதுல இருந்த சில பேர விக்கிபீடியா தடை பண்ணிச்சு. அடுத்தவன் மறைக்கிறான்னு சொல்றவங்க ஒளிஞ்சு வேலை செய்யக் கூடாது.

எதிர்ப்பக்கத்துக்கு ஃபேர். 1986ல நியூயார்க்ல ஆரம்பிச்ச இடதுசாரி அமைப்பு, இஸ்ரேல் மட்டும் இல்ல, அமெரிக்க மீடியா மொத்தத்தையும் பாக்கறாங்க. எனக்கு வேலைல ரொம்ப உதவினது இவங்கதான், ஏன்னா இவங்க வினைச்சொல்ல பாக்க கத்துக் குடுத்தாங்க. யார் "கொல்லப்பட்டாங்க", யார் சும்மா "இறந்தாங்க", கொன்னது யார்னு வாக்கியத்துல இருக்குதா இல்லையா. 2022 மே 11ம் தேதி மேற்குக் கரைல இருக்கிற ஜெனின்ல அல் ஜசீரா நிருபர் ஷிரீன் அபு அக்லேவ சுட்டுக் கொன்னப்ப நியூயார்க் டைம்ஸ் இணையத்துல ஒரு தலைப்பு, 51 வயசுல காலமானார்ங்கிற மாதிரி. வயசாகி போய்ச் சேந்தவங்களுக்கு போடற மாதிரி! தமிழ்ல நாமளும் "பலி"ன்னு ஒத்த வார்த்தைல கொன்னவன காணாம பண்ணிடறோம், அத படிச்சப்புறம்தான் எனக்கு ஒறச்சுது. குறை என்னன்னா கட்டுரை நீளம், லேட்டா வரும், இஸ்ரேலுக்கு எதிரா வந்த தப்பு நியூஸ இவங்க தேடிப் பிடிச்சு நான் பாத்ததில்ல. மூணரை குடுக்கலாம்.

போன வைகாசில எங்க வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் அகதி முகாம்ல இருந்து ஒரு அண்ணன் வந்தாரு, 1990ல குடும்பத்தோட வந்தவரு. நான் இந்த மெயிலெல்லாம் தெறந்து வெச்சுகினு உக்காந்திருந்தேன், என்னன்னு கேட்டாரு, வெவரமா சொன்னேன். பிரஷ்ஷ டப்பா மேல வெச்சுட்டு, "தம்பி, ஆர் சொன்னதெண்டு பாக்கிறீர் சரி, ஆர் உள்ளுக்குப் போய்ப் பாத்தவை எண்டும் பாரும்"னாரு. 2009ல இலங்கைல கடைசிக் கட்டப் போர் நடந்தப்ப அவரோட அக்கா அங்க வடக்குல வன்னில இருந்தாங்களாம், போன் நின்னு போன நாள்ல இருந்து இங்க டிவில ஓடுற எந்த நம்பர நம்பறதுன்னு தெரியாம அவங்கம்மா ரேடியோ முன்னாடியே உக்காந்திருந்தாங்களாம். அக்கா என்ன ஆனாங்கன்னு நான் கேக்கல.

அவர் சொன்னதுக்கப்புறம் யோசிச்சா இந்த மூணு அமைப்புக்கும் பொதுவா ஒரு ஓட்டை இருக்குது. 2023 அக்டோபர்ல இருந்து வெளிநாட்டு நிருபருங்கள சொந்தமா காசாக்குள்ள போக இஸ்ரேல் விடல, ராணுவம் கூட்டிகினு போனாதான் உண்டு. உள்ள இருந்து எழுதறது அந்த ஊர் பத்திரிகையாளருங்க மட்டும்தான், அவங்கள்ல 180 பேருக்கு மேல செத்துட்டாங்கன்னு சிபிஜேங்கிற பத்திரிகையாளர் பாதுகாப்பு அமைப்போட கணக்கு சொல்லுது. வாசல பூட்டி வெச்சுட்டு வெளிய நின்னு வந்த நியூஸ்ல கமா எங்கன்னு பாத்துகினு இருந்தா எப்படி? வன்னிலயும் இதேதான், 2008 செப்டம்பர்ல இலங்கை அரசு ஐநா ஆளுங்கள வெளியேத்துச்சு, நிருபருங்கள விடல, கடைசில 40,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம்னு ஐநா நிபுணர் குழு சொல்ல 2011 ஆச்சு.

அதனால நாலாவதா ஜேடிஎஸ்ஸயும் (Journalists for Democracy in Sri Lanka) சேக்கறேன், இலங்கைல இருந்து உயிருக்குப் பயந்து வெளிய போன சிங்கள, தமிழ் பத்திரிகையாளருங்க சேந்து நடத்தறது. கண்காணிப்பு அமைப்புன்னு நேரா சொல்ல முடியாது, ஆனா 2009 ஆகஸ்ட் 25ம் தேதி சேனல் 4ல வந்த, இலங்கை ராணுவ உடைல இருக்கிறவங்க கைதிங்கள கட்டி வெச்சு சுடற வீடியோவ வெளிய கொண்டு வந்தது இவங்கதான். இலங்கை அரசு பொய்னு சொல்லிச்சு, 2010 ஜனவரில ஐநாவுக்காக சட்டவிரோதக் கொலைங்கள விசாரிச்ச பிலிப் ஆல்ஸ்டன் நிபுணருங்கள வெச்சு சோதிச்சு அது உண்மையாதான் தெரியுதுன்னு சொன்னாரு. சிங்களவங்களும் தமிழங்களும் ஒரே மேஜைல உக்காந்து எழுதறதால தன் பக்கம்னு ஒண்ண காப்பாத்த வேண்டிய அவசியம் இவங்களுக்கு கம்மி. அஞ்சுக்கு நாலரை, அடிக்கடி எழுதாததுக்காக அரை கொறச்சேன்.

எதையும் ஒண்ணு மட்டும் வாங்காதீங்க. கேமராவும் ஃபேரும் சேத்து வாங்குங்க, ஒரே செய்தி மேல ரெண்டு பேரும் குறை சொன்னா அன்னைக்கு மூலக் காப்பிய கண்டிப்பா தெறந்து படிங்க. அவங்க சொல்ற தப்பு நெஜமாவே திருத்தப்பட்டுச்சான்னு அந்தந்த பேப்பர்லயே போய்ப் பாருங்க, மெயில்ல "வெற்றி"ன்னு போட்டதுக்காக நம்பிடாதீங்க. நான் இப்பல்லாம் ஸ்க்ரோல்ல எண்ணிக்கை போட்டா அத சொன்னது யார்னு சேத்துதான் அனுப்பறேன், இடம் பத்தலன்னா வேற வார்த்தைய எடுக்கறேன். நேத்து கூட இன்சார்ஜ் அத வெட்டிட்டாரு, நான் திரும்ப சேத்து அனுப்பினேன், அப்படியே போச்சு.