மண்ணடி பாய் கடை பைண்டிங்: தண்ணில ஊறுன பிலிப்பைன்ஸ் புக்கு பொழச்சு வந்துச்சு

மண்ணடில ஒரு சந்துக்குள்ள இருக்குற பைண்டிங் கடை இது. போர்டு கிடையாது, மைதா பசை வாசன வந்தா அதான் கடை.

நான் கப்பல்ல ஃபிட்டர், வீடு ராயபுரம். எங்க கூட போசனா, அதாவது டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரியா இருந்த பிலிப்பினோ அண்ணன் ரிட்டையர் ஆவும்போது அவங்க நாட்டு சுதந்திர போராட்டம் பத்தின பழைய புக்கு ஒண்ண எனக்கு குடுத்துட்டு போனாரு. கேபின்ல தண்ணி ஏறி முதுகு பிஞ்சு பக்கமெல்லாம் தனித்தனியா வந்துடுச்சு. முதல்ல வேற ஒரு கடைல காட்டுனா ஓரத்த வெட்டிட்டு ஸ்பைரல் போட்றலாம்னாங்க. ஓரத்துல தான் போசன் பென்சில்ல எழுதி வெச்சிருக்காரு, மனசு வரல, எடுத்துட்டு வந்துட்டேன்.

பாய் புக்க கையில வாங்குனதுமே "கட்டிங் போட வேணாம் தம்பி, எழுத்து போயிடும்"னு அவராவே சொன்னாரு. அங்கயே எனக்கு நம்பிக்க வந்துடுச்சு.

நெறைய பக்கத்துல நம்பர் அழிஞ்சிருந்துச்சு. அதனால பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து நான் கதைய சொல்ல சொல்ல அவரு அடுக்குனாரு. 1762ல ஸ்பெயின்காரன் கையில இருந்த மணிலாவ புடிக்க இங்கிலீஷ்காரன் படை கிளம்புனது நம்ம மெட்ராஸ்லேந்துதான், இங்கேந்து போன சிப்பாய்ங்க கொஞ்ச பேரு அங்கயே தங்கிட்டாங்கன்னதும் பாய் கண்ணாடிய கழட்டிட்டு என்ன பாத்தாரு. அப்புறம் டோண்டோ. மணிலா ஹார்பர் ஓரம், உழைக்கிற ஜனங்க ஏரியா, நம்ம காசிமேடு மாதிரி. அங்க பொறந்த போனிஃபாசியோ கைத்தடியும் பேப்பர் விசிறியும் வித்து குடும்பத்த காப்பாத்துனவரு, 1892ல ஸ்பெயின் ஆட்சிய எதிர்த்து கத்திபுனான்னு ரகசிய சங்கத்த ஆரம்பிச்சது அவருதான். போசனும் டோண்டோக்காரரு, அந்த பேரு வர்ற எடமெல்லாம் பென்சில் கோடு இருக்கு.

அந்த சங்கத்துக்கு கலாயான்னு ஒரு பத்திரிகை, விடுதலைன்னு அர்த்தம். அதுக்கு வேண்டிய ஈய எழுத்துல ஒரு பங்கு ஒரு ஸ்பானிஷ் பேப்பரோட அச்சகத்துலேந்து தொழிலாளிங்க கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு வந்தது. இத சொன்னப்ப பாய் ஊசிய கீழ வெச்சுட்டாரு. அவரும் கம்போசிங் வேல பாத்தவராம். "ஒரு பக்கம் கோக்க எவ்ளோ எழுத்து வேணும் தெரியுமா தம்பி, மாட்னா உசுரு போவும், எத்தன நாள் எடுத்திருப்பாங்க"ன்னாரு. கடைசில மாட்டிக்கிட்டதும் அதே அச்சகத்து ஆளு ஒருத்தராலதான், அவரு தங்கச்சி கிட்ட சொல்லி அது பாதிரியார் காதுக்கு போயி 1896 ஆகஸ்ட்ல சங்கமே வெளிய தெரிஞ்சுடுச்சு. சண்ட வெடிச்சுது, டிசம்பர் 30 ரிசால்னு அவங்க நாட்டு பெரிய எழுத்தாளர ஸ்பெயின்காரங்க சுட்டு கொன்னாங்க.

அடுத்த வருஷம் மே மாசம் போனிஃபாசியோவ கொன்னது ஸ்பெயின்காரன் இல்ல, அதே போராட்டத்துல இருந்த இன்னொரு தலைவர் அகினால்டோவோட ஆளுங்கதான். அந்த பக்கத்த வெக்கும்போது ரெண்டு பேரும் பேசல. 1898 ஜூன் 12 சுதந்திரம்னு அறிவிச்சாங்க, அதே டிசம்பர்ல ஸ்பெயின் 2 கோடி டாலருக்கு நாட்ட அமெரிக்காவுக்கு குடுத்துடுச்சு, திரும்ப சண்ட, நெஜமா கைக்கு வந்தது 1946ல.

வேல சுத்தம். ஃபாரம் ஃபாரமா, அதாவது மடிச்ச தாள் கட்டு ஒவ்வொண்ணா நூல் தையல், பசைல மயில்துத்தம் போட்டிருக்காரு பூச்சி வராது, அட்ட முழுக்க கலிகோ துணி, விரிச்சு வெச்சா மூடிக்காம நிக்குது. கிழிஞ்ச ஓரத்துக்கெல்லாம் டிஷ்யூ பேப்பர் ஒட்டி குடுத்தாரு, பென்சில் எழுத்து ஒண்ணு கூட போவல. 350 ரூபா வாங்குனாரு, நான் கூட குடுத்தேன் வாங்கல.

நாலு நாள்னு சொல்லி பதினோரு நாள் ஆச்சு, அதுக்கு ஒரு ஸ்டார் கொறைக்கணும்னு நெனச்சேன், வாங்க போனப்ப அவரு அந்த அச்சகத்து பக்கத்த மகனுக்கு காட்டிட்டு இருந்தாரு, அஞ்சே போட்டுட்டேன். ஜிபே இல்ல, கேஷ் எடுத்துட்டு போங்க. வெள்ளிக்கிழம மத்தியானம் தொழுகைக்கு மூடிருக்கும்.