செம்புக் கம்பியா, செம்புக் குழாயா?

பூம்பாறையில் மாமா வீட்டு மாடியில் கோடை எஃப்எம்முக்கு ஆன்டெனா கட்ட வேண்டும், அலைவரிசை 100.5 மெகாஹெர்ட்ஸ். உள்ளே கெட்டியான செம்புக் கம்பியா, ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் செம்புக் குழாயா? கம்பியில்தான் மின்சாரம் தாராளமாக ஓடும் என்றார் மாமா. பேட்டரி மின்சாரம் என்றால் அவர் சொன்னது சரி. அது நடுவிலும் ஓரத்திலும் ஒரே சீராகப் பாயும்.

ஆன்டெனாவில் ஓடுவதோ மாறுமின்னோட்டம், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். அது அப்படியல்ல. அது மாற மாற, கம்பிக்குள் அதன் காந்தப்புலமும் மாறி, மின்னோட்டத்தையே எதிர்க்கும் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. நடுவில் ஓடும் பங்கைச் சூழ்ந்த காந்தக் கோடுகள்தான் அதிகம். எதிர்ப்பும் அங்கேதான் அதிகம். அதனால் மின்னோட்டம் வெளிப்பரப்புக்கு ஒதுங்குகிறது. எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு ஒதுங்கும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 சுற்றில், செம்புக்குள் சுமார் 9 மில்லிமீட்டர் ஆழம் போகும். மெல்லிய வீட்டு ஒயரில் வித்தியாசமே தெரியாது. 100 மெகாஹெர்ட்ஸிலோ 0.0066 மில்லிமீட்டர்தான், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு! குழாயின் சுவரே அதற்குத் தாராளம்.

அதே விட்டத்தில் குழாய் எடையும் குறைவு, விலையும் குறைவு. குழாயையே வாங்கி தலா 71 சென்டிமீட்டரில் இரண்டு துண்டாக வெட்டினேன். பனி ஈரத்தில் செம்பில் களிம்பு ஏறும். அதனால் இணைக்கும் முனைகளை உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்த பிறகே ஸ்க்ரூவை முடுக்கினேன்.