நின்றுகிடக்கும் பழைய வண்டிகளுக்கு ஒரு சிறிய சார்ஜர்: சீடெக் எக்ஸ்எஸ் 0.8, இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

மதுரையில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு பழைய வண்டிகள் நிற்கின்றன. ஒன்று, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய 2005-ஆம் ஆண்டுப் பல்சர் 180. மற்றொன்று, அப்பாவின் புல்லட் எலெக்ட்ரா. என் வேலை சென்னையில் என்பதால் மாதத்துக்கு ஒருமுறையோ, சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோதான் பல்சரை எடுக்க முடிகிறது. முழங்கால் வலி வந்த பிறகு அப்பாவால் புல்லட்டைக் கிக்கரில் உதைக்க முடியாது. செல்ஃப் எடுத்தால்தான் அவர் வண்டியில் ஏறுவார். அந்த செல்ஃப், நான் ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் 'டக்' என்ற ஓர் ஓசையோடு நின்றுவிடும். ஆறு ஆண்டுகளில் இரண்டு வண்டிகளுக்குமாக நான்கு சீல் செய்த பேட்டரிகள் வாங்கினோம். ஒன்றுகூட முழு ஆயுள் வாழவில்லை. பேட்டரியின் தரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நான், தவறு எங்கள் பக்கம்தான் இருக்கிறது என்று உணரவே பல ஆண்டுகள் ஆயின.

பேட்டரி எப்படிச் சாகிறது என்பது தெரிந்தால்தான் இந்தச் சார்ஜரை மதிப்பிட முடியும். மின்சாரம் இறங்கும்போது ஈயத் தகடுகள் இரண்டிலும் ஈய சல்பேட் படிகிறது. அது புதிதாகப் படிந்திருக்கும்போது நுண்ணிய துகள்களாக இருக்கும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். பேட்டரியை இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அதே துகள்கள் பெரிய, கடினமான படிகங்களாக வளர்ந்து, தகட்டின் பரப்பை மூடிவிடுகின்றன. ஓடாத வண்டியில் பேட்டரி எப்படி இறங்கும் என்று கேட்கலாம். ஏஜிஎம் வகைப் பேட்டரி (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் சீல் செய்த பேட்டரி) தானாக இழப்பது மாதத்துக்குச் சில விழுக்காடுதான். ஆனால் என் பல்சரில் திருட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தேன். சாவியை எடுத்த பிறகும் அது 5 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் 30 நாளில் 3.6 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு இது). அந்த வண்டியின் பேட்டரி மொத்தமே 9 ஆம்பியர்-மணி. இரண்டு மாதம் வண்டியைத் தொடாமல் இருந்தால் அந்த ஒரு கருவியே முக்கால்வாசிக்கு மேல் காலி செய்துவிடும்.

சீடெக் சுவீடன் நாட்டு நிறுவனம். அதன் எக்ஸ்எஸ் 0.8 என்ற மாதிரி உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவே உள்ளது. 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகளுக்கு மட்டும் உரியது, அதிகபட்சமாக 0.8 ஆம்பியர் தருகிறது, 1.2 முதல் 32 ஆம்பியர்-மணி வரையுள்ள பேட்டரிகளைச் சார்ஜ் செய்யும். பராமரிப்புக்கு, அதாவது நிறைந்த பேட்டரியை இறங்காமல் வைத்திருக்க மட்டும் என்றால் 100 ஆம்பியர்-மணி வரை தாங்கும். வேலையை ஆறு படிநிலைகளில் செய்கிறது. முதலில் துடிப்பு மின்னோட்டத்தால் சல்பேட்டைக் கரைக்க முயல்கிறது; பிறகு மெல்லத் தொடங்கி, முழு ஓட்டத்தில் ஏற்றி, 14.4 வோல்ட்டுக்கு வந்ததும் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறுதியில் பராமரிப்பு நிலைக்கு மாறுகிறது. தேர்வு செய்ய வேண்டிய பொத்தான் எதுவும் இல்லை. கிளிப்பை மாட்டி, பிளக்கைச் செருகினால் போதும். இதை ஒரு குறையாகச் சிலர் சொல்வார்கள். எழுபது வயது அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பும் எனக்கு, இதுவே இந்தக் கருவியின் முதல் சிறப்பு.

இந்த 0.8 ஆம்பியர் என்ற அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இருசக்கர வண்டி பேட்டரியை அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் சார்ஜ் செய்வதே முறை. 9 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.9 ஆம்பியர், பல பேட்டரிகளின் மேலேயே இந்த எண்ணும், எத்தனை மணி நேரம் என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் வழக்கமாக நாம் செய்வது என்ன? கழற்றிக்கொண்டுபோய்க் கடையில் 'சார்ஜ் போட'க் கொடுக்கிறோம். அங்கே கார், லாரி பேட்டரிகளோடு சேர்த்து வரிசையாக இணைத்துவிடுகிறார்கள். அப்படித் தொடராக இணைத்தால் பெரிய பேட்டரிக்குப் போகும் அதே மின்னோட்டம் நம் சிறிய பேட்டரிக்குள்ளும் போகும். திறந்த பேட்டரியாக இருந்தால் நீர் கொதித்தது போலக் குமிழியிட்டு வாயுவாகப் பிரிந்துபோகும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிச் சரிசெய்யலாம். சீல் செய்த பேட்டரியில் அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறிக் கிடக்கிறது. உள்ளே உருவாகும் ஆக்சிஜன் மீண்டும் நீராகச் சேர்ந்துவிடும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. வேகமாக ஏற்றினால் அந்தச் சேர்க்கை ஈடுகொடுக்காது. அழுத்தம் கூடி வால்வு திறந்து வாயு வெளியேறிவிடும். போன நீர் போனதுதான். மேல்மூடியை நெம்பித் திறந்து ஊசியால் நீர் செலுத்துவதைப் பலர் செய்து காட்டுகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாயில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதை வெளியிலிருந்து அளக்க வழியில்லை. மூடி மீண்டும் காற்றுப் புகாதபடி அடைபடும் என்பதற்கும் உறுதியில்லை.

இனி உயிர்ப்பிக்கும் ஆற்றலுக்கு வருகிறேன். பலரும் இத்தகைய சார்ஜரை வாங்குவது அதற்காகத்தான். வாங்கிய வாரத்தில் என்னிடம் செத்தவை என்று ஒதுக்கிய இரண்டு பேட்டரிகள் இருந்தன. பல்சரின் பேட்டரி மூன்று மாதம் நின்று 11.7 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. புல்லட்டின் 14 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ பத்து மாதம் மூலையில் கிடந்து 8.3 வோல்ட் காட்டியது. இரண்டையும் சார்ஜ் ஏற்றி, அரைநாள் சும்மா வைத்திருந்து, பின் ஓர் எளிய சோதனை செய்தேன். இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 10 வாட் பல்பை நேரடியாக இணைத்து, மல்டிமீட்டர் (வோல்ட்டேஜ் அளக்கும் கருவி) 10.5 வோல்ட், அதாவது பேட்டரி முழுதாக இறங்கியதாகக் கொள்ளும் அளவு, காட்டும் வரை எத்தனை நேரம் எரிகிறது என்று குறித்துக்கொண்டேன். அந்தப் பல்பு இழுப்பது சுமார் 0.83 ஆம்பியர். ஆகவே நல்ல 9 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து மணி நேரத்துக்கு மேல் எரிக்க வேண்டும். 14 ஆம்பியர்-மணி பேட்டரி பதினாறு மணி நேரத்தைத் தாண்ட வேண்டும்.

பல்சரின் பேட்டரி முதல் முறை 5 மணி 10 நிமிடம் எரித்தது. பாதிக் கொள்ளளவுக்கும் குறைவு. உடனே மறுபடி ஏற்றி, மீண்டும் இறக்கி, இப்படி மூன்று சுற்று முடித்தபோது 6 மணி 50 நிமிடத்துக்கு உயர்ந்தது. அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் ஏறவில்லை. ஆனாலும் அந்தப் பேட்டரி மேலும் பதினான்கு மாதம் செல்ஃப் அடித்தது. தூக்கி எறிய இருந்த பொருள் என்பதை நினைத்தால் இது நல்ல பலன்.

புல்லட்டின் பேட்டரி வேறு கதை. ஒரு நாளுக்கு மேல் சார்ஜரில் இருந்தது. கழற்றி அரைநாள் கழித்துப் பார்த்தபோது 12.3 வோல்ட் காட்டியது. அப்பாவின் முகத்தில் மகிழ்ச்சி. பல்பை இணைத்த ஐம்பதாவது நிமிடத்தில் 10.5-க்கு விழுந்துவிட்டது. எத்தனை சுற்று முயன்றும் அது மாறவில்லை. வோல்ட்டேஜ் மட்டும் பார்த்துப் பேட்டரி பிழைத்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். பத்து மாதம் கெட்டிப்பட்ட படிகத்தை எந்தச் சார்ஜரும் முழுமையாகக் கரைத்துவிட முடியாது. அதுபோலவே, எவ்வளவு ஏற்றினாலும் சும்மா இருக்கும்போது பேட்டரி 10.5 வோல்ட் பக்கத்திலேயே நின்றால், ஆறு செல்களில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பொருள். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். இறங்கிச் சில வாரங்களே ஆன பேட்டரியில் நம்பிக்கை வைக்கலாம், மாதங்கள் பல ஆகிவிட்டால் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இந்தப் பல்புச் சோதனையை அடிக்கடி செய்வதும் நல்லதன்று. ஒவ்வொரு முறையும் அது பேட்டரியின் ஆயுளில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை போதும், முடிந்த கையோடு சார்ஜில் போட்டுவிட வேண்டும்.

புல்லட்டுக்குப் புதிய பேட்டரி வாங்கினோம். அதைப் பொருத்தும் முன் இரண்டு வண்டிகளின் சார்ஜிங்கையும் சோதித்துப் பார்த்தது நான் செய்த மிக நல்ல காரியம். எஞ்சினின் வேகத்தை உயர்த்திப் பிடித்துப் பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். புல்லட் சரியாக இருந்தது. பல்சரில் 15.3 காட்டியது. சில ஆண்டுகளுக்கு முன் மாற்றிய, பெயர்கூட அச்சிடாத மலிவு ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்தான் (எஞ்சின் தரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் கருவி) காரணம். பழைய திறந்த பேட்டரியாக இருந்தால் நீர் சீக்கிரம் குறைகிறதே என்று கவனித்திருப்போம். சீல் செய்த பேட்டரி எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளுக்குள் வறண்டுபோகும். வேறொன்றை மாற்றியதும் 14.3-க்கு வந்தது. மல்டிமீட்டர் இல்லாமல் இந்தச் சார்ஜரை மட்டும் வாங்குவது பாதி வேலைதான்.

பராமரிப்பில்தான் இந்தக் கருவி தன் விலைக்கு ஈடு செய்கிறது. உடன் வரும் வளைய முனைக் கம்பியைப் பேட்டரியில் நிரந்தரமாகத் திருகி, மறுமுனையைப் பக்கவாட்டு மூடியின் ஓரமாக வெளியே விட்டிருக்கிறேன். சீட்டைக் கழற்ற வேண்டியதில்லை. அப்பா சமையலறை நாள்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு வண்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகிறார். மின்தடை வந்து போனால் அது தானாகவே மீண்டும் தொடங்கிவிடுகிறது. பதினெட்டு மாதம் கழித்துப் புல்லட்டின் பேட்டரியைப் பல்புச் சோதனைக்கு உட்படுத்தினேன். 15 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. இதற்கு முன் அதே வண்டியில் எந்தப் பேட்டரியும் அந்த வயதில் செல்ஃபைச் சுற்றும் நிலையில் இருந்ததில்லை.

இதன் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். வேகம் இல்லை: முழுதாக இறங்கிய 14 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும், காலையில் கிளம்ப வேண்டும் என்று இரவில் மாட்டினால் ஏமாற்றமே. வோல்ட்டேஜைக் காட்டும் திரை இல்லை. பேட்டரியோடு ஒட்டி வைக்கும் வெப்ப உணரியும் இல்லை. எங்கள் ஊருக்கு இந்தக் கடைசி விஷயம் முக்கியம். சார்ஜ் வோல்ட்டேஜ்கள் 25 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொண்டவை. ஆறு செல் பேட்டரியில் அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.02 வோல்ட் குறைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் தாழ்வாரம் 40 டிகிரியைத் தொடும்போது அது 0.3 வோல்ட் வித்தியாசம். ஆகவே கோடையில் பகலில் மாட்டுவதில்லை. இரவு மாட்டி, விடிந்ததும் எடுத்துவிடும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். சார்ஜ் ஆகும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும் என்பதையும், அருகில் விளக்கோ ஊதுவத்தியோ ஏற்றக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். சீல் செய்த பேட்டரியும் மிகையாக ஏறினால் ஹைட்ரஜனை வெளியிடும்.

விலை, நான் வாங்கியபோது பல்சருக்கான ஒரு புதிய பேட்டரியைவிட அதிகமாகவே இருந்தது. தினமும் இருபது கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இது தேவையில்லை. அந்த ஓட்டமே பேட்டரியை நிறைத்துவிடும். எங்களைப் போல இரண்டு, மூன்று வண்டிகளை நிறுத்திவைத்திருப்பவர்களும், வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு வீட்டில் ஒரு பழைய வண்டியைக் காப்பாற்றி வருபவர்களும் தயங்காமல் வாங்கலாம். செத்த பேட்டரிக்காக மட்டும் வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தைப் புதிய பேட்டரிக்குக் கொடுப்பது மேல். 6 வோல்ட்டில் ஓடும் பழைய ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இது அறவே பயன்படாது. அவர்கள் 6 வோல்ட்டுக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய வேறொரு பராமரிப்புச் சார்ஜரைத் தேட வேண்டும்.